சனிக்கிழமை ஊரும் செவ்வாய்க்கிழமை ஊரும்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நானும் இந்தப் பள்ளியில் படித்தவன்தான். இந்த மேடையில் ஏறிப் பரிசு வாங்கியதில்லை. அதனால் இன்றைக்கு ஏறியிருப்பதே எனக்குப் பரிசுதான். கல்வியின் சிறப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். அதைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் இருபத்தாறு வருஷம் ஒரு ஹோட்டலில் கணக்கெழுதியவன். பிறகு தானா ராத்தாவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை போட்டுப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்தது இந்த ஊர், இந்த ஊருக்கு வந்து போகிற மனிதர்கள், அவர்களோடு வந்து போகிற பணம், இவ்வளவுதான். அதைப் பற்றியே பேசிவிட்டு இறங்குகிறேன்.

இன்னும் சில நாளில் பள்ளி விடுமுறை வருகிறது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் விடுமுறை வந்தால் என்ன கேட்பார்கள்? "அப்பா, இந்த வாட்டி எங்க போறோம்?" என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "அம்மா, இந்த வாட்டி எந்தக் கடையில நிக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் நமக்கு அன்றைக்குத்தான் வேலை. தீபாவளிக்கும் அதே கதிதான். பொது விடுமுறையாயிற்றே, ஹோட்டல்கள் நிறைந்துவிடும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டைக்கு மேலே ஹோட்டல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிய தீபாவளிகள் எனக்கு எத்தனையோ உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கிற பல தாய்மார்களுக்கும் உண்டு. தலையை ஆட்டுகிறீர்கள், பார்க்கிறேன்.

சுற்றுப்பயணிகளை நம்பியிருக்கும் சின்ன ஊரில் பிறந்தவர்களுக்கு இது எழுதாத சட்டம். ஆனால் நம் ஊருக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. அதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுவாக ஊர் முதலில் இருக்கும், அப்புறம் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். மலாக்கா அப்படி. ஆனால் நம் தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் அப்படிப் பிறந்தவை அல்ல. வருகிறவர்களுக்காகவே உண்டாக்கப்பட்ட ஊர்கள் இவை. செமாய் மக்கள் இந்த மலைக்காட்டில் காலங்காலமாக வாழ்ந்து வந்தார்கள். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து மேட்டு நிலத்தைப் பார்த்தார். பார்த்தவர் வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார். இருந்தும் மலைக்கு அவர் பெயர்! நாற்பது வருஷம் கழித்து, 1925இல், ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பெரிய அதிகாரி ஏறி வந்து பார்த்தார். கீழே வெயிலில் வாடும் வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்து இளைப்பாற ஏற்ற இடம் இது என்று முடிவு செய்தார்கள். தாப்பாவிலிருந்து சாலை போட ஆரம்பித்து 1931 வாக்கில் முடித்தார்கள். மலை பகாங்கில், சாலையின் தலை பேராக்கில். சுமார் 60 கிலோமீட்டர், எத்தனை வளைவு என்று எண்ணியவர்கள் பாதியில் வாந்தி எடுத்து எண்ணிக்கையை விட்டிருப்பார்கள்.

சாலை வந்ததும் பங்களாக்கள் வந்தன. கோல்ஃப் திடல் வந்தது. இங்கிலாந்தில் இருப்பதுபோலவே கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக வீடுகள் வந்தன. குளிருக்கு நெருப்பு மூட்டி, ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு, பிறந்த ஊரை நினைத்துக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அவர்கள் போய்ப் பல வருஷமாகிறது. ஸ்கோன் மட்டும் இன்னும் போகவில்லை. இன்றைக்கு அதைச் சுடுகிறவர்கள் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருந்தான். என் சம்சாரம் சுடுகிற ஸ்கோனை ஒரு வெள்ளைக்கார அம்மாள் சாப்பிட்டுவிட்டு, தன் பாட்டி சுட்டதுபோல இருக்கிறது என்றார். அந்தப் பாட்டி மாவில் ஏலக்காய் போட்டிருப்பாரா என்று நான் கேட்கவில்லை.

சாலையோடு ஒட்டி வந்ததுதான் தேயிலை. 1929இல் ரஸ்ஸல் என்ற துரை, இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற இன்னொரு துரையோடு சேர்ந்து, போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஒரு நீராவி உருளை வண்டி, கொஞ்சம் கோவேறு கழுதைகள், கொஞ்சம் தொழிலாளர்கள் என்றுதான் அந்த வரலாற்றை எழுதுவார்கள். உருளை வண்டியையும் கழுதையையும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் 'கொஞ்சம் தொழிலாளர்கள்' என்ற இரண்டு வார்த்தைக்குள்ளே யார் இருக்கிறார்கள்? நம் பாட்டன், பூட்டன் இருக்கிறார்கள். சரிவில் கயிறு கட்டாமல் நின்று மரம் வெட்டி, காடு சுட்டு, குழி போட்டு, செடி ஊன்றி, இந்த மலைக்குச் சீப்பு போட்டுத் தலை வாரிவிட்டதுபோல ஆக்கியவர்கள் அவர்கள்தான். இன்றைக்குக் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளில் இருக்கிற அந்தப் பச்சை மலைப் படம் இயற்கை போட்ட கோலம் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றவர்கள் போட்ட கோலம்.

இங்கே என் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், 1974 வாக்கில். என் தாயார் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்குக் கீழே ஒரு லேண்ட் ரோவர் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார், பெரிய கேமரா. கைகாட்டி நிற்கச் சொன்னார், அம்மா நின்றார். சிரிக்கச் சொன்னார், சிரித்தார். 'தேங்க்யூ' என்றார், போய்விட்டார். அதோடு மறந்தும் போயிற்று. 1983இல் நான் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தானா ராத்தாவில் ஒரு கடையில் தபால் அட்டைகள் தொங்கின. ஒன்றில் என் அம்மா! கூடையோடு நிற்கிறார், தலையில் துணி, அதே சிரிப்பு. விலை அம்பது காசு. ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கோபப்படுவார், இல்லை பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அம்மா அட்டையை விளக்குப் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன்டா, கூடை பாதிதானே இருக்கு? அப்ப மணி எட்டரை. அதுக்குள்ள எப்படி நெறையும்? பாக்குறவன் என்னைய சோம்பேறின்னு நெனைக்க மாட்டானா?" என்றார்.

எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவருக்கு அந்தப் படத்தில் தெரிந்தது எடைதான். நான் கணக்குப் பிள்ளையாயிற்றே, எனக்கு வேறொன்று தெரிந்தது. கேமராக்காரருக்குக் காசு, அச்சடித்தவருக்குக் காசு, கடைக்காரருக்குக் காசு, தபால்தலை விற்ற அரசாங்கத்துக்கும் காசு. படத்தில் இருந்தவர் மட்டும் தன் படத்துக்குத் தானே அம்பது காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் உலக வழக்கம். ஆனால் அன்றிலிருந்து இந்த ஊரில் எந்தக் காசைப் பார்த்தாலும், இது எங்கே போய்ச் சேரும் என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

வாருங்கள், ஒரு நூறு வெள்ளியின் பின்னால் போவோம். மாணவர்கள் கவனிக்கவும், இது கணக்குப் பாடம்.

கீழே இருந்து ஒரு குடும்பம் வருகிறது. நூறு வெள்ளி செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (நூறு வெள்ளி கணக்குக்காகச் சொல்கிறேன். நூறு வெள்ளியோடு வந்தால் இன்றைக்குக் காரை விட்டு இறங்கவே யோசிக்க வேண்டும்.) அதில் பாதி அறை வாடகைக்கு என்று வையுங்கள். அறையின் முதலாளி பெரும்பாலும் இந்த மலையில் இல்லை, பட்டணத்தில் இருக்கிறார். அவர் வங்கிக்கடன் கட்டுகிறார். இணையத்தில் அறை பிடித்துக்கொடுத்த நிறுவனத்துக்குத் தரகு கொடுக்கிறார். அது எந்த நாட்டில் இருக்கிறதோ! சோப்பு, போர்வை, துண்டு எல்லாம் கீழே இருந்து வருகின்றன. இவ்வளவும் போக, அறையைக் கூட்டித் துடைத்த அம்மாவின் கூலி மட்டும் இங்கே தங்குகிறது. மிச்சப் பாதியில் கொஞ்சம் பெட்ரோலுக்குப் போகிறது. கொஞ்சத்துக்கு ஸ்ட்ராபெரி பழம்போலத் தைத்த தலையணையும் தொப்பியும் வாங்குகிறார்கள். அந்தத் தலையணையை நம் ஊரில் யாராவது தைக்கிறார்களா? திருப்பிப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டியிருக்கும். 'கேமரன் மலை' என்ற பெயர் மட்டும்தான் நம்முடையது. அந்தப் பெயருக்கு வாடகை கிடையாது.

கடைசியில் ஓர் அஞ்சு வெள்ளி மிச்சம். அதை ஒரு ஒட்டுக்கடையில் கொடுத்துத் தோசையும் தேநீரும் சாப்பிடுகிறார்கள். அந்த ஒட்டுக்கடை அம்மா அதில் உளுந்து வாங்குகிறார், தானா ராத்தா மளிகைக் கடையில். கீரையும் தக்காளியும் வாங்குகிறார், பெர்த்தாம் பள்ளத்தாக்குச் சீனரிடம். அந்தச் சீனர் நம் பையனுடைய பட்டறையில் லாரியைப் பழுது பார்க்கிறார். பையன் தன் பிள்ளைக்குப் பள்ளி வேன் காசு கொடுக்கிறான். அந்த அஞ்சு வெள்ளி மலையை விட்டு இறங்குவதற்குள் நாலு கை மாறிவிடுகிறது. பெரிய நோட்டு வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. சின்ன நோட்டுத்தான் நம்மோடு உட்கார்ந்து பசியாறிவிட்டுப் போகிறது. இருபத்தாறு வருஷம் பெரிய நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, பணத்தை விட்டு மனிதர்களுக்கு வருகிறேன்.

நம் ஊர் இரண்டு ஊர். செவ்வாய்க்கிழமை காலையில் தானா ராத்தாவில் நடந்து பாருங்கள். மருந்துக்கடைச் சீனர் "உங்கம்மா முட்டிவலி எப்படி?" என்று மலாயில் கேட்பார். தபால் நிலையத்தில் மலாய்க்கார அக்கா நம் பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று விசாரிப்பார். சாலையோரத்தில் செமாய் பெரியவர் பெத்தாயும் தேனும் வைத்துக்கொண்டு புகைபிடித்துக்கொண்டிருப்பார். யாருக்கும் அவசரம் இல்லை. அதே மனிதர்களைச் சனிக்கிழமை போய்ப் பாருங்கள். மருந்துக்கடைக்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. செமாய் பெரியவரின் தேனுக்கு முன்னால் நாலு கார் குறுக்கே நிற்கும். பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தை வரைக்கும் கார்கள் எறும்பாக ஊரும். அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தவர் யாருடைய தாயோ. முன்னால் இருந்த கார்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை நம்மைக் கெடுத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். நம் பிள்ளைகளைப் பாருங்கள். பாசார் மாலாமில் ஒரு மணி நேரம் நின்றால் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம், நாலு பாஷையிலும் விலை சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். கூச்சம் போய்விடுகிறது. பத்து வெள்ளி வாங்கி மூணு வெள்ளி அறுபது காசு கழித்து மிச்சம் கொடுப்பதற்கு விரலை மடக்குவதில்லை. இன்றைக்குக் கணக்கில் பரிசு வாங்கப் போகிற ஒரு மாணவி யாரிடம் கற்றாள் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக்கூடாது, பாதி அவருடைய கைவரிசை, பாதி சோளக்கடையினுடையது.

ஆனால் சனிக்கிழமை ஒரு கெட்ட பழக்கம் வைத்திருக்கிறது. அது வெள்ளிக்கிழமையைத் தின்கிறது, பிறகு திங்கட்கிழமையையும் தின்கிறது. வெள்ளி இரவு பதினொரு மணி வரை கடையில் நின்ற பிள்ளை, ஞாயிறு இரவு மூட்டை கட்டி முடித்த பிள்ளை, திங்கள் காலை வகுப்பில் என்ன செய்யும்? தூங்கும். வகுப்பாசிரியரைக் கேட்டால் எந்தெந்த மேசை திங்கட்கிழமை காலியாக இருக்கிறது என்று சொல்லுவார். அந்த வருகைப் பதிவேட்டை நான் பார்த்தேன், அதனால்தான் கல்வியின் சிறப்பை விட்டுவிட்டு இதைப் பேசுகிறேன்.

அடுத்து மலை. மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்ட்ராபெரிக்கும் காய்கறிக்கும் பூவுக்கும் என்று சரிவுகளை வெட்டி, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டுக்கொண்டே போகிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு வெள்ளைத்துணியில் கட்டுப் போட்டதுபோல இருக்கிறது. வெட்டின மண் மழையில் இறங்கி ஆற்றுக்குப் போகிறது, ஆறு அதை ரிங்லெட்டில் இருக்கிற சுல்தான் அபு பாக்கார் அணைக்குக் கொண்டுபோகிறது. 1960களில் மின்சாரத்துக்குக் கட்டிய அணை அது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நின்றால் என்ன ஆகும்? 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியுமுன் பெர்த்தாம் பள்ளத்தாக்கு மக்கள் பார்த்தார்கள். கனமழை, அணை நிரம்பித் தண்ணீர் திறக்க வேண்டி வந்தது, ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. அந்த வாரம் சுற்றுப்பயணிகள் அறையை ரத்து செய்துவிட்டார்கள். அவர்களால் ரத்து செய்ய முடியும். பெர்த்தாமில் குடியிருந்தவர்கள் எதை ரத்து செய்வது?

ஊருக்கு ஆள் வருவது குளிருக்கும் பச்சைக்கும்தான். அதை வெட்டி வெட்டி விற்றால் முதலையே எடுத்துச் சாப்பிடுகிற வியாபாரம் அது. என் அம்மா இருந்தவரை சொல்லுவார், முன்பெல்லாம் கம்பளிச்சட்டையைப் பெட்டியில் வைக்கவே மாட்டோம் என்று. இப்போது பெட்டியில்தான் அதிக நாள் கிடக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் என் மனத்தை ரொம்ப நாளாக அரிப்பது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, எட்டு மணிக்கு, பிரிஞ்சாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு எதிரே நின்று அண்ணாந்து பாருங்கள். எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணியிருக்கிறேன். ஒரு வரிசையில் ஒன்று, அடுத்த வரிசையில் ஒன்றுமில்லை, அதற்கடுத்து இரண்டு. மற்றதெல்லாம் இருட்டு. கீழே இருப்பவர்கள் வாங்கிப் போட்டு, சனிக்கிழமை வருகிறவர்களுக்கு இரவு வாடகைக்கு விடுகிற வீடுகள் அவை. தப்பில்லை, அவரவர் காசு. ஆனால் ஓர் இரவுக்கு வாடகைக்கு விட்டால் கிடைப்பதை ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வீட்டுக்காரர், நம்மைப்போல மாத வாடகைக்குக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பாரா? 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதை வாங்குகிற குடும்பம் அந்த மாடியில் ஒரு கதவைத் தட்ட முடியுமா?

தோட்டத்தில் இருக்கிறவரைக்கும் தோட்டத்து வீடு. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். முப்பது வருஷம் இந்த மலைக்குத் தலை வாரியவர்கள், ஓய்வு பெற்றதும் பாயைச் சுருட்டிக்கொண்டு தாப்பாவுக்கும் பீடோருக்கும் இறங்கிப் போவதை நான் பார்க்கிறேன். அந்த வெயில் அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இப்போது மலையில் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கூடை போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. அந்தப் பையன்களையும் கேமராவுக்கு நிற்கச் சொல்லுகிறார்கள், அவர்களும் நிற்கிறார்கள். அவர்களைத் தாழ்வாகப் பேசாதீர்கள். நம் பாட்டன் வந்த வழியில்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள்.

2020ஐ யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தாப்பாச் சாலை வெறிச்சோடியது. ஹோட்டல்களில் விளக்கில்லை. விற்க வழியில்லாமல் காய்கறியையும் பூவையும் லாரி லாரியாகக் கொட்டினார்கள். என் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கு இருந்த தடை, தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடைசியாக நீங்கியது 2021 அக்டோபரில்தான். அதுவரைக்கும் இந்த மலையில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது? கொழுந்துக்குத் தொற்று தெரியாது, அது பாட்டுக்குத் துளிர்த்தது. தோட்டத்துச் சம்பளக்காரர்களுக்கு மாசம் பிறந்தால் ஏதோ வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, தோட்ட வேலை கேவலம் என்று விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போனவர்கள். சனி ஞாயிறு நாட்கூலி, கை நிறையக் காசு என்று இருந்தார்கள். ஆள் வருவது நின்ற மாதமே கூலியும் நின்றது. சேமநிதி பிடித்திருக்கிறார்களா என்று பார்த்தால், யாரும் பிடிக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. தோட்டத்துக் கிராணியிடம் போய் நின்றார்கள். அவர் நல்லவர், சேர்த்துக்கொண்டார். ஆனால் பழைய வீடு வேறு குடும்பத்துக்குப் போயிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, ஹோட்டல் வேலைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடாதீர்கள். என் பிள்ளைகள் படித்தது ஹோட்டல் சம்பளத்தில்தான். போங்கள். ஆனால் சேரும்போதே சேமநிதி உண்டா, சொக்சோ உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். நாட்கூலி என்றாலும் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. கடை போடுகிறவர்கள் உரிமத்தைச் சொந்தப் பெயரில் எடுங்கள், முடிந்தால் வீட்டு அம்மாவின் பெயரில். இன்னொருவர் உரிமத்துக்கு மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டு, அவர் எழுந்துபோ என்றால் சட்டியோடு எழுந்துபோகிற பிழைப்பு வேண்டாம்.

பெரிய வகுப்பு மாணவர்களுக்கு ஒன்று. பிரிஞ்சாங் மலை உச்சியிலிருக்கிற பாசிக்காட்டுக்குச் சுற்றுப்பயணிகளை அழைத்துப் போகிறார்களே, அதற்கு இயற்கை வழிகாட்டி என்று முறையான உரிமம் இருக்கிறது. பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி வாங்க வேண்டும். ரஃப்லேசியா பூ இருக்கும் இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி மக்கள். காடு அவர்களுக்குத் தெரியும், அந்தத் தெரிந்ததுக்கு அவர்கள் கூலி வாங்குகிறார்கள். நமக்குத் தேயிலை தெரியும். எந்தக் கொழுந்து எப்போது எடுக்க வேண்டும், பனி விழுந்தால் என்ன செய்யும், எந்த மேட்டுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் வந்தது, எல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்குத் தெரியும். அதை அவரிடம் கேட்டு, மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் சொல்லக் கற்றுக்கொண்டு, உரிமத்தையும் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். இப்போது அந்தக் கதையை வெளியூரிலிருந்து வந்தவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். ஒருநாள் ஒருவர், தேயிலைச் செடி மழைக்கு ஒதுங்கிக் குட்டையாகவே வளரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவாத்து வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போன ஒரு கிழவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை பாவம்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பிள்ளை கடையில் நிற்கட்டும், நான் தடுக்கவில்லை. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை நிற்கட்டும். வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் எவ்வளவு நஷ்டம் என்று என்னோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம், நான் போட்டுக் காட்டுகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம் முன்னாடியே பேசிவிட்டேன். பள்ளி திறந்ததும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு இந்த மண்டபத்திலேயே கடைக்கணக்கு எழுதச் சொல்லித் தருகிறேன். வரவு, செலவு, முதல், லாபம், சேமநிதி வாங்குவதற்கு எப்படி விண்ணப்பிப்பது, வீட்டுக் கடனுக்கு வங்கிக்காரன் என்ன என்ன கேட்பான், இவ்வளவும். பிள்ளைகளும் வரலாம், தாய்மார்களும் வரலாம். கட்டணம் இல்லை. புதன்கிழமை எனக்குக் கடையில் ஆள் வராது, அதனால் என்னைப் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு வாருங்கள். இப்போதைக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஏழு பேர் பெண்கள். இன்னும் சேர்கிறவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு வாசலில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

அந்தத் தபால் அட்டையையும் கொண்டு வந்திருக்கிறேன். பழசு, ஓரம் கிழிந்திருக்கிறது, கையில் கொடுத்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.